நீக்கச் சொன்ன நாற்பத்தொரு பெயர்கள்

படிவங்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுத்தான் கிளார்க் என்னிடம் கொடுத்தார். அன்று தாலுகா ஆபீஸில் பி.எல்.ஓ. கூட்டம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று முழுப் பெயர் சொல்லி யாரும் எங்களைக் கூப்பிடுவதில்லை. நான் அங்கன்வாடி டீச்சர். ஊர்ப் பிள்ளைகளை எடை பார்ப்பதும் சத்துமாவு கொடுப்பதும் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதும்தான் என் வேலை. ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து பூத்தின் வாக்காளர் பட்டியலில் புதுப் பெயர் சேர்ப்பது, இறந்தவர் பெயரை எடுப்பது, கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயரை மாற்றிவிடுவது எல்லாம் பத்து வருடத்துக்கும் மேலாக என் பொறுப்பில் இருந்தது.

"இது உங்க பூத்துக்கு வந்தது டீச்சர். எல்லாம் ஏழாம் நம்பர்" என்றார்.

ஏழாம் நம்பர் படிவம் என்றால் பெயர் நீக்கம். இன்னார் இறந்துவிட்டார், அல்லது ஊரைவிட்டே போய்விட்டார், அவர் பெயரை எடுத்துவிடுங்கள் என்று தொகுதியில் ஓட்டு உள்ள ஒருவர் எழுதிக் கொடுப்பது. வருடத்துக்கு எனக்கு ஐந்தாறு வந்தால் அதிகம். இந்தப் பை கனத்தது.

"எத்தன சார்?"

"நாப்பத்தி ஒண்ணு. அத்தனையும் ஊர்ல இல்லாதவங்க. நேர்ல போய் விசாரிச்சேன்னு ஒவ்வொண்ணுலயும் ஒரு கையெழுத்தப் போட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க."

"போகாமயே போயிட்டு வந்தேன்னு எப்புடி சார் போடுறது?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்க ஊரு உங்களுக்குத் தெரியாதா? உக்காந்த எடத்துலயே போட்டுடலாம்."

ஊருக்குத் திரும்பும்போது விக்கிரமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதல் பெயர் எங்கள் வடக்குத் தெரு. இரண்டாவதும் அதே தெரு. பத்தாவதுக்கு மேல் தெருப் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு புரட்டினேன். நாற்பத்தொன்றும் வடக்குத் தெருதான். வேறு தெருப் பெயர் பேருக்குக்கூட ஒன்று இல்லை. பாதிக்கு மேல் புரட்டியபோது என் தம்பியின் பெயர் வந்தது. அதற்கு அடுத்தது அவன் மனைவி பெயர்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தலைமுறை வரைக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாதவர்கள் நாங்கள். அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, கரும்பு வெட்டிப் பிழைத்தவர்கள். இன்றைக்கு அங்கே கொத்தனார் இருக்கிறார், தையல் கடை வைத்திருப்பவர் இருக்கிறார், பெரம்பலூரில் நர்சிங் படிக்கிற பெண் இருக்கிறாள். என் கணவர் கல் லாரி ஓட்டுகிறார். நிலம் இல்லாத காலத்திலும் எங்களிடம் இருந்த ஒரே சொத்து ஓட்டுதான். போன பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் தெரு மொத்தமும் ஒரு பக்கமாக நின்றது. ஜெயித்துவிடுவோம் என்று வெடி வாங்கி வைத்திருந்த ஒரு குவாரி கான்ட்ராக்டர் முப்பது சொச்சம் ஓட்டில் தோற்றார். நாற்பத்தொன்று யாருக்குத் தேவைப்படுகிறது என்று எனக்கு யாரும் வந்து விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் அந்த பஸ்ஸிலேயே கண்ணில் பட்டது. நாற்பத்தொரு படிவத்தையும் எழுதிக் கொடுத்ததாக இருந்தது ஒரே ஆளின் பெயர். மேலத் தெருவில் ஆடு வளர்க்கிறவர். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் நீல மையில் சாய்த்து இழுத்து, கடைசியில் இரண்டு புள்ளி வைத்த கையெழுத்து. அந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பேத்தி என் அங்கன்வாடிக்கு வருகிறாள். சத்துமாவு பாக்கெட் வாங்கிக்கொண்டு போகும்போது என் ரிஜிஸ்டரில் அவர் வைப்பது இடது கைப் பெருவிரல் ரேகை. பேனாவை நீட்டினால் வாங்கிக் காதில் செருகிக்கொண்டு சிரிப்பார். எழுதப் படிக்கத் தெரியாததை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை நிறுத்தாமல் நின்றார்.

"யாரு குவாரியில லோடு ஏத்துறேன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பேசுறியா?"

"நான் இன்னும் ஒண்ணுமே பேசலங்க. வூடு வூடாப் போயி ஆளு இருக்காங்களான்னு பாக்கப் போறேன். அதுதான் எனக்குக் குடுத்த வேல."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

மறுநாள் மத்தியானம் பிள்ளைகள் போன பிறகு ஆரம்பித்தேன். பட்டியலை எடுத்துக்கொண்டு தெருவின் முதல் வீட்டிலிருந்து போனேன். மூன்றாவது வீட்டில் எனக்கு அத்தை முறையாகும் ஒருத்தி வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதியிருந்தது. எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கடலைத் தோலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எப்ப செத்தேனாம்?"

"தேதி போடல அத்த."

"என்னா சீக்குன்னாவது போட்டிருக்கா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "இது சிரிக்கிற விசயமாடி? ஓட்டுப் போட ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு தேர்தல் விடல நான். உன் மாமன் செத்த பதினாறாம் நாளு ஓட்டு. அப்பவும் போயி வரிசையில நின்னேன். என்னைய எவன் எடுக்கிறது?" எழுந்து உள்ளே போய் வாக்காளர் அட்டையையும் ஆதாரையும் பிளாஸ்டிக் கவரோடு எடுத்துவந்து என் மடியில் போட்டாள். "எழுதிக்க. ஆளு உசுரோட இருக்கா, நல்லாத் திங்கிறா, நல்லாப் பேசுறான்னு எழுதிக்க."

அப்படியே எழுத முடியாது. 'நேரில் கண்டேன், உயிருடன் இதே முகவரியில் வசிக்கிறார்' என்று எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.

மூன்று நாள் ஆயிற்று. கொத்தனார் வேலைவிட்டு வரும்வரை காத்திருந்தேன். நர்சிங் படிக்கிற பெண்ணை 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்' என்று எழுதியிருந்தார்கள். அவள் அம்மா வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண் படபடவென்று பேசினாள். "அக்கா, எனக்கு இதுதான் மொத ஓட்டு. இன்னும் ஒரு தடவகூட போடல. அதுக்குள்ள எடுத்துருவாங்களா? நான் ஹாஸ்டல்லதான் இருக்கேன், சனிக்கிழமையானா வூட்டுக்கு வந்துடுறேன்ல?" அவளைச் சனிக்கிழமை நேரில் பார்த்து எழுதினேன்.

எல்லாப் படிவமும் பொய்யில்லை. இரண்டு பேர் உண்மையிலேயே இறந்துவிட்டிருந்தார்கள். ஒருவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்கு இன்னும் இறப்புச் சான்று வந்திருக்கவில்லை. அப்புறம் என் தம்பியும் அவன் மனைவியும்.

தம்பி திருப்பூருக்குப் போய் ஒன்பது வருடம். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கேயே வீடு கட்டி, ரேஷன் கார்டையும் மாற்றிவிட்டான். ஆனால் ஓட்டு மட்டும் இங்கே. ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் நாள் பஸ் பிடித்துக் குடும்பத்தோடு வந்து இறங்குவான். எங்கள் வீட்டில் அது ஒரு திருவிழா மாதிரி. ஒவ்வொரு வருடமும் அவன் பெயரைத் தாண்டி என் கண் போய்விடும். தெரிந்தேதான் தாண்டியிருக்கிறேன். அதை இப்போது மறைத்து எழுதினால் இந்த மொத்தக் கதையும் பொய்யாகிவிடும்.

அவனுக்கு போன் போட்டேன்.

"அக்கா, நீயே என் பேர வெட்டுவியா?"

"நீ அங்க எழுதிக் குடு. எட்டாம் நம்பர் படிவம். அங்க மாத்திக் குடுத்துருவாங்க."

"அங்க எனக்கு யாரத் தெரியும்? எவன் கவுன்சிலருன்னுகூடத் தெரியாது."

"ஒம்போது வருசமா அங்கதானடா தண்ணி குடிக்கிற? அந்தத் தண்ணி வரலேன்னா யார்கிட்டப் போயி கேப்ப? இங்க நீ போடுற ஓட்டு உனக்கு என்னா பண்ணப் போவுது?"

"நம்ம தெருவுக்கு ஒரு ஓட்டு கொறையும். அத யோசிச்சியா?"

"யோசிச்சேன். முப்பத்தேழு பேர நான் நெசம்னு சொல்லணும்டா. அதுல உன்னையும் சேத்துச் சொன்னா, அந்த முப்பத்தேழு பேரையும் ஒருத்தனும் நம்ப மாட்டான்."

அவனுக்குப் பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. "சரி, நீ டீச்சர், நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டான். அதில் இருந்த வருத்தம் எனக்குத் தெரியாமலில்லை. அந்தப் பொங்கலுக்கு அவன் ஊருக்கு வரவில்லை.

ஆட்டுக்காரரைப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனேன். ஆடுகள் கருவேலமரத்து நிழலில் படுத்திருந்தன. படிவத்தை அவர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

"அண்ணே, நீங்க யாருக்காச்சும் ஆதார் ஜெராக்ஸ் குடுத்தீங்களா?"

"ஆட்டுக் கொட்டாய் கட்ட லோன் வாங்கித் தரேன்னு வாங்கிட்டுப் போனாங்க டீச்சரம்மா." யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

"நான் போடலன்னு ஒரு வார்த்த சொல்றீங்களா? ரேக வச்சாப் போதும்."

அவர் எழுந்து நின்றுகொண்டார். "நான் எந்தப் பக்கமும் பேசல. என் ஆடு மேயிறதெல்லாம் அவங்க காட்டுல. நாளைக்கே உள்ள வராதேன்னுட்டா நான் எங்க போவேன்? என்னைய விட்ருங்க." படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டிலும் அதே பயம்தானே சோறு தின்றுகொண்டிருந்தது.

வியாழக்கிழமை கான்ட்ராக்டர் அங்கன்வாடிக்கே வந்தார். பிள்ளைகள் தூங்கும் நேரம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார், மரியாதையாகத்தான் பேசினார்.

"சுவரெல்லாம் கார பேந்து கெடக்கே டீச்சர். நான் ஆள் அனுப்பி வெள்ளையடிச்சுத் தரவா?"

"யூனியன்ல எழுதிக் குடுத்திருக்கேன் சார். வந்துரும்."

"அந்த ஏழாம் நம்பரெல்லாம் நாளைக்குக் கடைசியாம்ல. உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? உங்க வூட்டுக்காரரு நம்மகிட்டதான லோடு அடிக்கிறாரு. நல்ல மனுஷன். அவரு நல்லா இருக்கணும்."

தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை புரண்டு படுத்தது. நான் போர்வையை இழுத்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்குத் தேவைப்பட்டது. பிறகு சொன்னேன்: "சார், நாளைக்கு நான் குடுக்கத்தான் போறேன். பாத்தத எழுதிக் குடுக்கப் போறேன். பாக்காதத எழுத மாட்டேன்."

"அப்புறம் உங்க இஷ்டம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் தாலுகா ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்பே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. கணவர் கொண்டுவந்து காட்டினார். கையில் படிவங்களோடு நான் ஒரு வீட்டு வாசலில் நிற்கிற போட்டோ. பக்கவாட்டிலிருந்து, எனக்குத் தெரியாமல் எடுத்தது. கீழே ஒரு குரல் பதிவு. 'பால்வாடி டீச்சர் காசு வாங்கிக்கிட்டு வெளியூர்க்காரங்க பேரையெல்லாம் பட்டியல்ல சேக்குது. நம்ம ஊர நம்மகிட்டேருந்து பறிக்கப் பாக்குறாங்க. எல்லாருக்கும் அனுப்புங்க.' யாருடைய குரல் என்று தெரியவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

அன்று மேலத் தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் வரவில்லை. ஒரு தாய் மட்டும் வாசல்வரை வந்து, "வூட்டுல திட்டுறாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போனாள். அந்தப் பிள்ளை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. கான்ட்ராக்டர் வந்து நின்றபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

படிவங்களையும், கையெழுத்து ஆட்டுக்காரருடையதில்லை என்று எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் புரட்டிப் பார்த்து முகம் மாறி, என்னைத் தேர்தல் துணை தாசில்தாரிடம் அனுப்பினார். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. மேஜை நிறையக் கட்டுகள். சலிப்போடு கேட்டார்: "முப்பத்தேழு பேரு இருக்காங்கன்னு எழுதிட்டீங்க. எழுதிக் குடுத்தவரு இது என் கையெழுத்து இல்லன்னு சொல்றாரா?"

"சொல்ல பயப்படுறாரு மேடம்."

"அப்ப நான் என்னம்மா பண்றது? உங்களப் பத்தியே ஒரு புகார் வந்திருக்கு. நீங்க அந்தத் தெருதானாமே."

"ஆமா மேடம். அந்தத் தெருதான். என் தம்பி பேர எடுக்கலாம்னு எழுதியிருக்கேன், பாருங்க."

அவர் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ரெண்டு தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்பி விசாரிப்போம். அதுக்குள்ள உங்க ஊர் கிராம சபை வருதுல்ல? பட்டியல அங்க வாசிச்சுக் காட்டணும்னு உங்க கையேட்டுலயே இருக்கு. யாரும் செய்யிறதில்ல. நீங்க செய்யிங்க."

வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் கணவர் போனிலிருந்து நானே பேசி அனுப்பினேன். போனை அரிசி டின் மேல் வைத்துக்கொண்டு பேசினேன். "நான் அங்கன்வாடி டீச்சர் பேசுறேன். நான் யாரச் சேத்தேன், யார நீக்கச் சொன்னாங்கன்னு ஞாயித்துக்கெழம கிராம சபையில ஒவ்வொரு பேரா வாசிக்கப் போறேன். நான் பொய் சொல்றேன்னு நெனக்கிறவங்க கட்டாயம் வாங்க. வந்து மூஞ்சிக்கு நேரா கேளுங்க."

கணவர் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டார். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைலேருந்து லோடு கெடையாது" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தோச ஊத்து, பசிக்குது" என்று உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர்க் கிராம சபைக்கு வழக்கமாக முப்பது பேர் வந்தால் பெரிது. அதிலும் நூறு நாள் வேலைக்காரப் பெண்களை வரிசையாக நிறுத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் உட்கார இடமில்லை. என்மேல் பரப்பின பொய்தான் இரண்டு தெருவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்திருந்தது. மேலத் தெருக்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். கான்ட்ராக்டர் முன்வரிசை நாற்காலியில்.

ஊராட்சிச் செயலர் தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு என்று தீர்மானங்களை வேகவேகமாக வாசித்து முடித்தார். நான் எழுந்து பட்டியலை வாசிக்க வேண்டும் என்றேன்.

"அது இன்னைக்குப் பொருள்ல இல்லம்மா" என்றார் செயலர்.

"அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்கற விசயம். சனங்கள எதுக்கு வெயில்ல வைக்கிறீங்க?" என்றார் கான்ட்ராக்டர்.

கையேட்டில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். கூட்டத்தைக் கவனிக்க யூனியன் ஆபீஸிலிருந்து வந்திருந்த அதிகாரியிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "வாசிக்கட்டும்" என்றார்.

"நான் பேர் சொல்லச் சொல்ல, இருக்கிறவங்க எந்திரிச்சு நில்லுங்க" என்றேன். முதல் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். கொத்தனார் எழுந்தார். இரண்டாவது பெயர். மூன்றாவது பெயருக்கு அத்தை எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேலத் தெருப் பக்கம் திரும்பி, "நான் செத்துட்டேனாம். நல்லாப் பாத்துக்குங்க" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு சிரிப்பு வந்தது. அதன் பிறகு சத்தமாகவே வாசித்தேன். முதல் நாளே பெரம்பலூரிலிருந்து வந்திருந்த நர்சிங் பெண் எழுந்தாள். ஒரு தாத்தாவை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். எழுந்தவர்கள் யாரும் திரும்ப உட்காரவில்லை.

இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொன்னேன். அவர் மனைவி உட்கார்ந்தபடியே, "ஆமா, போயிட்டாரு" என்றாள். "இவர் பேரு போகுது" என்று சொல்லிக் கோடு போட்டேன். பிறகு தம்பி பெயர் வந்தது.

"இவங்க ரெண்டு பேரும் ஊர்ல இல்ல. திருப்பூர்ல இருக்காங்க. இவரு என் கூடப்பொறந்த தம்பி. பேர எடுக்கலாம்னு நான்தான் எழுதியிருக்கேன்."

பிள்ளையைத் திருப்பிக் கூட்டிப்போன அந்தத் தாய் மேலத் தெருப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொள்வதைப் பார்த்தேன்.

கடைசியாக, "இந்த நாப்பத்தி ஒரு பேரையும் நீக்கணும்னு எழுதிக் குடுத்ததா இருக்கிறவரு..." என்று ஆட்டுக்காரரின் பெயரைச் சொன்னேன். அவர் வந்திருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"நான் குடுக்கல" என்றார்.

கான்ட்ராக்டர் நாற்காலியில் திரும்பினார். "யோவ், நல்லா யோசிச்சுப் பேசு. உன் பேரு, உன் ஆதாரு, உன் கையெழுத்து எல்லாம் இருக்கு."

"எனக்குக் கையெழுத்து ஏதுங்க? ஊருக்கே தெரியும் நான் ரேக வைக்கிறவன்னு." அவர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஆனால் பேச்சு நிற்கவில்லை. "இன்னைக்கு என் பேர்ல கையெழுத்துப் போட்டு இவங்க ஓட்ட எடுப்பாங்க. நாளைக்கு அதே கையெழுத்துல என் ஆட்ட வித்துருவாங்க. நாளன்னைக்கு என் வூட்ட. உங்க காட்டுல என் ஆடு மேயலேன்னாலும் பரவாயில்லீங்க. நான் குடுக்கல."

அதிகாரி செயலரின் பதிவேட்டை இழுத்துத் தன் முன்னால் வைத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதினார். மை டப்பாவைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. ஆட்டுக்காரர் பெருவிரலை அழுத்தி வைத்தார். அதற்குக் கீழே மேலத் தெருவிலிருந்து இரண்டு பேர் தாங்களாகவே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கான்ட்ராக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் எப்போது எழுந்து போனார் என்று நான் பார்க்கவில்லை.

விசாரணைக்கு எல்லோரும் ஒரு வேன் பேசித் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். துணை தாசில்தார் அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். முப்பத்தேழு பெயர்களும் பட்டியலில் நின்றன. நான்கு பெயர்கள் போயின.

இதற்கெல்லாம் நாங்கள் கொடுத்த விலையும் உண்டு. கணவருக்குக் குவாரியில் வண்டி கிடைக்கவில்லை. இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, பாடாலூர் பக்கம் ஒரு லாரி செட்டில் சேர்ந்தார். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டுக்கு வருகிறார். ஆட்டுக்காரர் பாதி ஆடுகளை விற்றார். மீதியை எங்கள் தெருப் பக்கத்துப் புறம்போக்கில் மேய்க்கிறார். நின்றுபோன நான்கு பிள்ளைகளில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அடுத்த பட்டியல் திருத்தம் ஆரம்பித்தபோது பி.எல்.ஓ. வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டேன். 'நிர்வாகக் காரணம்' என்று ஒரு வரி பதில் வந்தது.

தம்பி மட்டும் ஒருநாள் தானாகவே போன் பண்ணினான். அவன் ஓட்டு திருப்பூரில் அவன் இருக்கும் வார்டுக்கே மாறிவிட்டதாம். சாக்கடை அடைத்துக்கொண்டதற்குக் கவுன்சிலர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தானாம். அதை அரை மணி நேரம் சொன்னான்.

கள்ளக் கையெழுத்துப் போட்டது யார் என்பது மட்டும் இன்னும் காகிதத்தில் வரவில்லை. ஆட்டுக்காரரும் நானும் சேர்ந்து போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தோம். ரசீது கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. "பேருதான் போகலியே, இன்னும் எதுக்கு இத இழுக்கிற?" என்று எங்கள் தெருவிலேயே சிலர் கேட்கிறார்கள். பிடிபடாதவன் கையில் பேனா இன்னும் இருக்கிறது என்பதுதான் என் பதில். அடுத்த முறை வேறு ஊர், வேறு தெரு, ரேகை வைக்கிற வேறு ஒரு மனிதர். அங்கே எழுந்து நிற்க ஆட்கள் இருக்கிறார்களோ இல்லையோ.

அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நானும் ஆட்டுக்காரரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். போன மாதம் போனபோது புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டு ஒருவர் இருந்தார். ரசீதை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு வியந்துபோனார்.

"இவ்வளவு நாளாச்சேம்மா. இன்னுமா இதுக்கு வரீங்க?"

"பதில் வந்திருந்தா வந்திருக்க மாட்டோம் சார்" என்றேன்.

அவர் இன்ஸ்பெக்டர் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். வர மத்தியானம் ஆகுமாம். இருக்கட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தோம். சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன்.